ஏழும் எட்டும்

“கைத்தடி எங்கம்மா? பஸ்லயே விட்டுட்டீங்களா?”

ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் பதறிப்போய் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“தடி இல்லாமதான் வந்தேன் சிஸ்டர். இப்போ தேவைப்படல” என்றாள் தையல்காரி. சொல்லும்போதே, ஏதோ தப்புச் செய்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே அறைக்கு அவள் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அப்பாவைக் கொண்டுபோன அதே தசைநோய் பிள்ளைகள் இரண்டு பேரையும் விட்டுவைக்கவில்லை. அவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய்க் கடையைச் சாத்தியாயிற்று. அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடக்கூட அக்கா வேண்டியிருந்தது. வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தம்பிதான் உரக்கப் படித்தான்: ‘புதிய மருந்தின் ஆய்வில் பங்கேற்க, பதினெட்டு வயது நிரம்பிய நோயாளிகள் தேவை.’

“பாத்தியாக்கா, நம்மளையும் தேவைன்னு சொல்ல ஒரு எடம் இருக்கு!”

அவன் வாய் அப்படி. உடம்பில் இருந்த தெம்பெல்லாம் வாய்க்கே போய்விட்டது என்று அவளே திட்டுவாள். அந்த வாய் மூடி இன்றோடு முப்பத்தாறு நாள்.

நர்ஸ், கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியை நீட்டினார். அமுக்கினாள். முள் மளமளவென்று ஏறியது.

“அடேங்கப்பா! மொத தடவை அஞ்சைத் தாண்டல. இப்போ இருபத்திரண்டு! டாக்டருங்க எல்லாம் உங்களப் பத்தித்தான் பேசுறாங்க, தெரியுமா?”

அவளுக்கு அழுகைதான் வந்தது. பாழாய்ப்போன கை, இனி யாருக்காக இப்படி வலுத்துக் கிடக்கிறது?

“சிஸ்டர், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். யாருக்கு எதைக் குடுத்தீங்கன்னு ஆய்வு முடிஞ்சதும் சொல்றேன்னீங்களே?”

“அதுக்குத்தாம்மா வரச்சொன்னோம். நேத்துதான் பட்டியலைப் பிரிச்சாங்க. பெரிய டாக்டர் வந்துடட்டும், அவரே...”

“அவர் வர்ற வரைக்கும் என்னால தாங்க முடியாது. அவன் போனதுலேருந்து ஒரு பொட்டுத் தூக்கமில்ல. நீங்களே சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

சேர்ந்த அன்றே எல்லாம் விளக்கியிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு எண், அந்த எண் ஒட்டிய புட்டி. ஆறு பேருக்கு மருந்து. மற்ற ஆறு பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, விழுங்குகிறவர்களுக்கும் தெரியாது. அக்கா ஏழு, தம்பி எட்டு. மாதம் ஒருமுறை புட்டியில் மிச்சமிருப்பதை எண்ணிப் பார்ப்பார்கள். அவர்கள் இரண்டு பேர் புட்டியிலும் ஒன்றுகூடக் கூடியதில்லை, குறைந்ததில்லை. காலையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலையை அவள் யாருக்கும் விட்டதில்லை, தம்பிக்கும்கூட.

நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும்மா. மருந்து நமக்கு வந்துடுச்சோ, தம்பிக்கு வெறும் மாவு போயிடுச்சோ, அவன் பங்கைத் தின்னு நாம பொழைச்சிட்டோமோன்னு தானே?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்படி இல்லவே இல்லம்மா. மருந்து எட்டாம் நம்பருக்குத்தான் போச்சு, உங்க தம்பிக்கு. உங்க ஏழுல இருந்தது வெறும் மாவு. அவர் வாயிலேருந்து நீங்க எதையும் பிடுங்கல. நிம்மதியா தூங்குங்க.”

“மாவா?” அவள் நர்ஸின் பக்கம் திரும்பினாள். “இல்ல சிஸ்டர், தப்பா பாக்குறீங்க. மொத வாரம் எனக்கு எப்படி வாந்தி எடுத்துச்சு! தலை சுத்திக் கீழ விழுந்தேனே! அவனுக்கு ஒண்ணுமே ஆகல. நிஜ மருந்துன்னா அப்படித்தான் படுத்தும்னு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தவங்க எல்லாம் சொன்னாங்களே!”

“அது பயத்துல வர்ற வாந்திம்மா. மாவைத் தின்னுட்டு மயக்கம் போட்டு விழுந்தவங்களையே நான் பாத்திருக்கேன். ஒரு வாரத்துல தானா நின்னுடும். உங்களுக்கும் நின்னு போச்சே?”

நர்ஸ் பட்டியலை எடுத்துக் காட்டினார். ஏழு: மாவு. எட்டு: மருந்து. கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து. அவள் அதை மூன்று முறை படித்தாள்.

“எங்களுக்கே புரியல. மருந்து சாப்பிட்டவர் போயிட்டார், மாவு சாப்பிட்டவங்க ஜம்முனு நடந்து வர்றீங்க. இந்த மருந்தையே கைவிட்டுடலாமான்னு யோசிக்கிறாங்க. எது எப்படியோம்மா, அக்காவா நீங்க ஒரு குறையும் வைக்கல” என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

வாந்தி எடுத்த அந்த முதல் வாரத்துக்குப் பிறகு, நிஜ மருந்து தன் புட்டியில்தான் இருக்கிறது என்று நம்பி, தான் போனாலும் அவன் பிழைக்கட்டும் என்று, தினமும் ஏழாம் புட்டி மாத்திரையைத் தம்பிக்கு ஊட்டிவிட்டு எட்டாம் புட்டி மாத்திரையைத் தன் வாயில் போட்டுக்கொண்ட கை அது.