வெளியே போ!

"என் பொண்ணு அப்படி என்ன கொலைக் குத்தம் பண்ணிட்டா, தினமும் வெளியே நிக்க வைக்கிறதுக்கு?"

தலைமை ஆசிரியையின் மேஜையில் போனை டொக்கென்று வைத்தாள் அம்மா. மதிலோரம் நின்று அவளே எடுத்த வீடியோ. மைதானத்து மரத்தடியில் ஒரு சிறுமி தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாள். ரெட்டைச் சடை, சோடாபுட்டிக் கண்ணாடி.

தலைமை ஆசிரியை கணக்கு மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து எதுக்கு வெளியே அனுப்பினீங்க?"

"ரிப்பன் சரியா கட்டலை, மேடம்."

"முந்தாநாள்?"

"சிரிச்சா."

"கேட்டுக்குங்க! சிரிச்சாளாம்!" அம்மாவின் குரல் ஏறியது. "கிளாஸ்லயே முதல் மார்க் வாங்குற பொண்ணு மேடம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு வளர்க்கிறேன். ஸ்கூல் விட்டா டியூஷன், டியூஷன் விட்டா ஹோம்வொர்க், சனி ஞாயிறு கோச்சிங். ஒரு நிமிஷம் வீணாக விடமாட்டேன். இவங்க என்னடான்னா தினம் ஒரு பீரியடை மரத்தடியில கரைக்கிறாங்க. என்ன வயித்தெரிச்சலோ!"

"மிஸ், காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லை மேடம். தப்புதான்."

அதைக் கேட்டதும், அம்மாவின் பக்கத்தில் நின்ற மகள் விசும்பி அழ ஆரம்பித்தாள்.

"பாருங்க! இவங்களைப் பார்த்தாலே குழந்தை எப்படி நடுங்குது!"

அதற்குள் வீடியோ பெற்றோர் குரூப் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. 'இதெல்லாம் டீச்சரா, ராட்சசியா?' என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை எழுதினார்கள். மிஸ்ஸை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த வீடியோவுக்குப் பிறகு வேறெந்தப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேள்வி.

"நல்லா வேணும்" என்றாள் அம்மா.

அடுத்த மாதம் மகளுக்கு வருடாந்தரக் கண் பரிசோதனை.

டாக்டர் அவள் தாடையைக் கருவியில் பதித்து, இரண்டு கண்களையும் அளந்தார். போன வருடத்து அளவைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"பவர் ஏறிடுச்சா டாக்டர்?"

"இவ்வளவு நாளும் ஏறிக்கிட்டேதாம்மா இருந்தது. கண்ணு இருக்கவேண்டிய அளவைத் தாண்டி நீளமா வளர்ந்துக்கிட்டே போச்சு. இப்படியே போனா உள்ளே இருக்கிற திரை இழுபட்டு, பின்னாடி ஒருநாள் கிழிஞ்சுகூடப் போகலாம். பார்வையே போயிடுமோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்." டாக்டர் சிரித்தார். "இந்த வருஷம்தான் அந்த வளர்ச்சி மட்டுப்பட்டிருக்கு. ஒருவழியா என் பேச்சைக் கேட்டுட்டீங்க!"

"எந்தப் பேச்சு?"

"தினமும் கொஞ்ச நேரம் புத்தகத்தை வச்சுட்டு வெட்டவெளியில விடுங்க, பகல் வெளிச்சம் படட்டும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. 'அதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு'ன்னு கோவிச்சுக்கிட்டுப் போனீங்களே!"

"நான் எங்க விட்டேன்?" அம்மா மகளைப் பார்த்தாள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "டாக்டர் சொன்னதை மிஸ்கிட்ட சொன்னேன். அவங்க உனக்குப் போன் பண்ணிக்கூடப் பேசினாங்களேம்மா."

'விளையாட்டைப் பத்திப் பாடம் எடுக்காதீங்க, கணக்குப் பாடத்தை எடுங்க' என்று போனை வைத்தது அம்மாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அதுக்கப்புறம்தான் தினமும் ஏதாவது சொல்லித் திட்டி வெளியே அனுப்புவாங்க. கதவுகிட்ட வந்ததும் மெதுவா 'ஓடு'ன்னு சொல்லுவாங்க. மரத்தைச் சுத்தி ஓடுவேன். மேலே பருந்து பறக்கிறதைப் பார்ப்பேன்."

"அன்னிக்கு ஏன்டி சொல்லலை? அவங்களாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ என்னை அடிப்பேன்னு மிஸ்ஸுக்குத் தெரியும்மா."



மிஸ் போன கதை தெரியாத டாக்டர் சீட்டை எழுதியபடியே சொன்னார். "தங்கமான மிஸ்! இதை மட்டும் விட்டுடாதீங்க. கண்ணு வளர்ற வயசு முடியற வரைக்கும் தொடரணும்."

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே என்னை யாரும்மா திட்டி வெளியே அனுப்புவாங்க?"