படிக்கு ஒரு கம்பி

"ஐயோ... அம்மா! அம்மா!"

காம்பரா அறைக்குள்ளிருந்து அழகனின் அலறல் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. வாசலில் கஜேந்திரன் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கம்பளியைக் கட்டிக்கொண்டிருந்தான். லயத்து மேட்டுக்கு ஆட்டோ ஏறாது. எலும்பு உடைந்தவர்களுக்கு இதுதான் ஆம்புலன்ஸ்.

"காலையில கக்கூஸ் படியில விழுந்தாச்சாம்" என்றார் பக்கத்து வீட்டு நல்லமுத்து. "பாவம் மீனம்மா. மொதல்ல எடது இடுப்பு, பொறவு வலது. எண்பது வயசுல இனி எங்க எந்திரிக்கிறது?"

லயத்தில் டாக்டர்களுக்கா பஞ்சம்? தப்பு மேளத்துக்குச் சொல்லலாமா, சாவுப் பந்தலுக்கு ஆள் பார்க்கலாமா என்கிற வரைக்கும் வைத்தியம் முன்னேறியிருந்தது.

"ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க" என்றான் கஜேந்திரன். "படுக்கப் போட்டுறாதீங்க, தெனமும் நடக்க விடுங்க, படிக்குக் கைப்பிடிக் கம்பி போடுங்கன்னு."

"மகன் போட்டாத்தானே!"

மீனம்மாவின் ஒரே மகன் அழகன். அறுபது தாண்டியும் தோட்டத்துச் சங்கத் தலைவர். கூட்டத்துக்கு மேடை போட எங்கிருந்தாவது கம்பி வந்துவிடும். அம்மாவின் படிக்கு மட்டும் வராது. "நீ பேசாம படு" என்று அவளைக் கட்டிலில் போட்டுவிட்டார். கேட்டவர்களிடம், "சாகப்போற கட்டைக்கு எதுக்குய்யா கம்பி?" என்பார்.

"இப்ப அம்மா அம்மான்னு கத்தி என்ன பிரயோசனம்? வெக்கங்கெட்ட மனுசன்!" நல்லமுத்துவுக்குக் கோபம் அடங்கவில்லை.

"அண்ணே, நாலு பேர் வேணும்னு அவரு சம்சாரம் சொல்லுது. போன தடவை ரெண்டு பேரே தூக்கிட்டோமே?"

"படுத்தே கெடந்து கனத்திருக்கும். வா, வா."

இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கம்பளியோடு நால்வரும் வாசலை நெருங்கினார்கள். கதவு திறந்தது. முதலில் ஒரு வோக்கர் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, தன் காலாலேயே நடந்து மீனம்மா வந்தாள். மகன் கூட்டங்களுக்குப் போன நேரமெல்லாம் காம்பராவுக்குள் நடந்து நடந்து தேறிய கால்கள்.

நல்லமுத்து எட்டிப் பார்த்தார். உள்ளே அலறல் இன்னும் நிற்கவில்லை.

மீனம்மா வோக்கரை ஓரமாகத் தள்ளிவைத்துக் கம்பளிக்கு வழிவிட்டாள்.

"பாத்துத் தூக்குங்கப்பா. எம்மவனுக்காவது அந்தப் படியில ஒரு கம்பி போட்டுக் குடுங்க."