கண்ணாடியில் தெரியாத ஆள்

"வா... வா... வந்துகிட்டே இரு மச்சான்!"

லாரிக்குப் பின்னால் நின்று கத்துகிறவன் என் தங்கை புருஷன். குடோன் சூப்பர்வைசர். ஊரையே மேய்க்கத் தெரிந்தவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தெரியாது.

ரிவர்ஸுக்கு வழி காட்டுகிறவன் டிரைவர் பக்கமாக ஒதுங்கி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். நூறு தடவை சொல்லியாயிற்று. இவன் நட்டநடுவில், வண்டிக்கும் சரக்கு இறக்கும் மேடைக்கும் இடையில்தான் போய் நிற்பான். கேட்டால், பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிற கைக்கு அளவு தெரியாதா என்று இளிப்பான்.

தெரியும். நன்றாகத் தெரியும்.

லாரியின் பக்கக் கண்ணாடி கொஞ்சம் வெளியே புடைத்திருக்கும். அதில் எல்லாமே சின்னதாக, தள்ளி இருப்பதுபோல் தெரியும். ஆறடி என்று தோன்றினால் நாலடிதான் இருக்கும். இதைக் கழித்துப் பார்க்கத் தெரியாதவன் சுவரை இடிப்பான். நான் இதுவரை ஒரு சுவரையும் இடித்ததில்லை.

இரண்டு கண்ணாடியிலும் அவனைக் காணோம்.

ஆள் தெரியவில்லை என்றால் வண்டி நிற்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

நான் நிறுத்தவில்லை.

காலையிலிருந்து பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. ஆத்திரம்.

மேடைக்கு நாலடி. மூன்றடி.

"வா, வா" என்ற குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. யாரும் தன்னை ஒன்றும் செய்துவிட மாட்டார்கள் என்று அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அதைக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டடி.

"மச்சான்! ஏய்... நிறுத்து, நிறுத்து!"

வண்டியின் பின்தகரத்தை இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்புறம்தான் பிரேக்கை மிதித்தேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மேடையோடு மேடையாக ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான். அவன் நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவில் என் உள்ளங்கையை விடலாம். நான் வைத்த கணக்கு அதேதான்.

பக்கவாட்டில் உரசி உரசி வெளியே வந்தான். கன்னத்தில் தகரம் கீறி ரத்தம் பொடித்திருந்தது.

"நான் நிக்கிறது கண்ணாடில தெரியலையா?" என்றான். குரல் பாதிதான் வெளியே வந்தது.

"நீ தெரியல மாப்ள. தூரம் நல்லாவே தெரிஞ்சுது."

அவன் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டேன்.

"கன்னத்துல என்னன்னு வீட்ல கேட்டா, கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

காலையில் என் தங்கை, வீங்கிய கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு என்னிடம் அப்படித்தான் சொன்னாள். மூன்றாவது தடவையாக.