எண்பது விழுக்காடு

“முப்பது நாள்ல அப்பா நாப்பது தடவ போன் பண்ணியிருக்காருக்கா. அதுல முப்பத்திரண்டு வைஃபைக்கு,” என்றாள் சாந்தினி.

பிறை நகரத்துத் தொழிற்சாலையின் கேண்டீனில் அவள் விரித்த தாளை ரொஸ்னா எட்டிப் பார்த்தாள். ஒரு நெட்டைக் கட்டம். அதன் பக்கத்தில் மூன்று குட்டைக் கட்டங்கள்: கேஸ், பிரஷர் மாத்திரை, ரோட் டேக்ஸ்.

இருவருக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பழுதான பொருள்களைக் காரணவாரியாக எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவார்கள். ஒன்றிரண்டு காரணங்களே எண்பது விழுக்காட்டுத் தொல்லையைத் தரும். முதலில் அவற்றைச் சரிசெய்தால் போதும். பரேட்டோ என்று அதற்குப் பெயர்.

“சொந்த அப்பாவையே ரிஜெக்ட் லிஸ்ட்ல சேத்துட்டியேலா.”

சாந்தினி சிரிக்கவில்லை. அப்பா ராமதாஸ் சரியாக ஐந்தே முக்காலுக்கு, ஷிப்ட் மாறும் கூட்டத்தின் நடுவில் அழைப்பார். எடுக்கும்வரை விடமாட்டார். வேறு நேரம் சொன்னால் சரி என்பார். மறுநாளும் அதே ஐந்தே முக்கால். மேலாளர் இரண்டு முறை கண்டித்துவிட்டார். அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்யப் போகிறார்கள்.

பேச்சும் மாறாது. வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்பார். அணைத்துவிட்டு முப்பது வரை எண்ணச் சொல்வாள். நிதானமாக எண்ணுவார். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் போகும் சத்தம் கேட்கும். பதினேழில் நிறுத்தி, சாப்பிட்டாயா என்பார். அங்கே மழையா என்பார். எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி ஒன்றிலிருந்து. கடைசியில் பச்சை வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிடுவார்.

பைராம் தோட்டத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. சனிக்கிழமையும் வேலை. அதனால் புதுப் பெட்டி ஒன்று வாங்கி, பொருத்துவதற்கு ஆள் அனுப்பத் தீர்மானித்திருந்தாள்.

“அப்ப இனிமே அப்பா போன் பண்ண மாட்டாரு?” என்றாள் ரொஸ்னா.

“பண்ணுவாருக்கா. மாசத்துக்கு எட்டு.”

ரொஸ்னா தாளை மடித்து அவளிடமே கொடுத்தாள்.

கடைக்காரர் பழைய பெட்டியின் மாடல் எண்ணைக் கேட்டிருந்தார். அப்பாவிடம் கேட்டால் உடனே எண்ண ஆரம்பித்துவிடுவார். சாந்தினி அம்மாவை அழைத்து, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் படிக்கச் சொன்னாள்.

அம்மா லெட்சுமி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

“எந்தப் பெட்டிம்மா? நீயும் இல்ல, இங்க யாருக்கு அதுன்னு, ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே லைன நிறுத்தி, அப்பாவே அத திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாரே.”