முட்டுக் கொடுத்த வண்டி

அரிசோனா வெயிலில் நிறுத்தியிருந்த தாங்கள் குடியிருந்த வீட்டு வண்டிக்கு லைல் ஒரு வாரமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். சக்கரங்களுக்கு நடுவே கட்டைகள், பின்மூலைகளில் ஜாக்கிகள், டிரக்கில் மாட்டும் முன்மூக்குக்கு அடியில் முக்காலி. அப்படியும் வண்டி குலுங்கியது.

"மெதுவா நடந்து தொலையேன்டி! உள்ளே என்ன யானையா கட்டியிருக்கு?"

"உன் ஓட்டை வண்டிய விட்டுட்டு என் காலை ஏன் திட்டுறே?"

குரல் வண்டிக்குள்ளிருந்து அல்ல, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் மனைவி நொரீன் நிழலில் மடக்கு நாற்காலி போட்டுப் பிஸ்தா உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

லைல் முக்காலியைப் பிடித்துப் பார்த்தான். தலைக்கு மேலே, முன்மூக்கில் இருந்த படுக்கையறையிலிருந்து யாரோ இறங்கிப் பின்பக்கமாக நடப்பது இரும்பின் அதிர்வில் தெரிந்தது. அங்கிருந்து பின்சுவருக்குப் பதினோரு காலடி. பதினொன்றும் எண்ணினான். நடை நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று தூரமாகிக்கொண்டே போனது.

"இப்ப யாரைத் திட்டப் போறே?" என்றாள் நொரீன்.

"வாயை மூடு."

அவன் முக்காலியின் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். நாற்பதாவது காலடியில் நடை நின்றது.

பிறகு அவனை நோக்கி ஓடி வர ஆரம்பித்தது.