கையால் எழுதியது மட்டும்

அவள் அனுப்பிய திருத்தம் மறுபடியும் திரும்பி வந்திருந்தது.

‘கருவி தானாக உருவாக்கிய கோப்புகளை ஏன் சேர்த்து அனுப்புகிறீர்கள்? நீங்கள் கையால் எழுதியதை மட்டும் அனுப்புங்கள். மற்றதை நாங்களே உருவாக்கிக்கொள்வோம்.’

எழுத்தை உரக்கப் படிக்கும் அந்த இலவசச் செயலிக்கு யார் திருத்தம் அனுப்பினாலும் சரிபார்ப்பவர் இதை எழுதியவர்தான். அவர் சேர்த்தால்தான் அடுத்த பதிப்பில் வரும். முகம் தெரியாத அந்த மனிதருக்கு அவள் ‘கறார்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அவளுடைய அலுவலகத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்புவார்கள். யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. இவர் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார்.

கோபம் ஆறியபிறகுதான் உறைத்தது. ஆயிரக்கணக்கான வரிகளைக் கொட்டி, ‘இதற்குள் நான் எழுதியதைத் தேடிக்கொள்’ என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

தானாக வந்ததையெல்லாம் நீக்கினாள். ஒலி விதிகள் இருந்த கோப்பில் நாலே வரி மிஞ்சியது.

விடுமுறை நாளெல்லாம் மாய்ந்து மாய்ந்து செய்தது இவ்வளவுதானா?

“அது பழத்தைப் பலம்னு படிச்சா உலகமா இடிஞ்சிடும்?” என்று அலுவலகத் தோழி கேட்டிருந்தாள்.

என்ன மாற்றினாள், ஏன் மாற்றினாள், மற்ற கோப்புகளை எந்தக் கட்டளையால் உருவாக்க வேண்டும் என்பதைக் கீழே குறிப்பாக எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினாள்.

பதில் வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

‘இப்போது படிக்க முடிந்தது. இங்கே உருவாக்கிக் கேட்டும் பார்த்தேன். சேர்த்துவிட்டேன். அருமை.’

கறார் வாயிலிருந்து அருமை! மடித்த துணியெல்லாம் தரையில் சிதற, அவள் துள்ளிக் குதித்தாள்.

புதிய பதிப்பு வெளியான அன்று மாலை, கூடத்தில் இருந்த மகளின் கைக்கணினியில் அதை ஏற்றினாள்.

தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மகளுக்கு இருந்த ஒரே குரல் அந்தச் செயலிதான். அது பழத்தைப் பலம் என்று படித்ததற்கு வகுப்பில் சிரித்தார்கள் என்று அதையும் மகள் மூடி வைத்துவிட்டாள். பள்ளியில் மட்டுமில்லை, வீட்டிலும்.

மகள் சந்தேகத்தோடு அம்மாவைப் பார்த்தாள். பிறகு விரல்கள் திரையில் ஓடின.

“என்ன கிழவி, எதுக்கு இப்படிப் பல்லக் காட்டுற?”

ழகரம் கணீரென்று விழுந்தது.

“இன்னொரு தடவ சொல்லுடி,” என்றாள் அம்மா.