மிதக்காத திராட்சை

கிழவர் ராபுலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தார். "ஐயோ ஆண்டவனே!" என்று அவர் முனகும்போதெல்லாம், கதவோரம் நின்ற மருமகள் தினேயோவுக்கு உயிரே போய்விட்டு வந்தது. பாவி, என் கையாலேயே இந்த மனுஷனுக்கு விஷத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் மருகினாள்.

வெளியே கல்யாண வீடு களைகட்டியிருந்தது. இன்று நாத்தனார் பொன்ட்ஷோவுக்குக் கல்யாணம்; மஹிகெங் ஊரில் இருக்கும் பாதி உறவுக்காரர்கள் விடிந்ததுமே முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்றுகால் இரும்புச் சட்டிகளில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது, ஸ்கோன் ரொட்டிகள் கூடை கூடையாக ஆறிக்கொண்டிருந்தன.

கூடத்தில் சுவரோரமாக வரிசை கட்டி நின்றன இஞ்சி பீர் பாட்டில்கள். எல்லாமே தினேயோவின் தயாரிப்பு. புது மருமகளின் கைப்பக்குவத்தை இன்றைக்குத்தான் எல்லோரும் ருசி பார்க்கப்போகிறார்கள்.

வாளியில் இஞ்சியும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்து ஊறவைத்த அன்றே மாமியார் கறாராகச் சொல்லியிருந்தாள். "உள்ள போட்ட உலர்திராட்சை மேல வந்து மிதக்கணும். அப்பத்தான் பாட்டில்ல அடைக்கணும். அவசரப்பட்டு அடைச்சியோ, வெடிச்சுத் தொலைக்கும். போன கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டுக்காரி மூஞ்சி கிழிஞ்சது ஞாபகம் இருக்கட்டும்."

அதிலிருந்து தினேயோ அடுப்படிக்கும் வாளிக்குமாக நடையாய் நடந்தாள். மூடியைத் திறந்தால் கலங்கிய நீரும் நுரையும்தான். பேருக்கு ஒரு திராட்சைகூட மேலே வரவில்லை.

பிள்ளைகள் கை வைத்துவிடாமல், வாளிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார் மாமனார். "அதுக்கென்ன தாயி, மெதுவா வரட்டும். நான் பாத்துக்கிறேன், நீ போய் வேலையைப் பாரு" என்று அவளை அனுப்பிவைப்பார்.

நேற்றுக் காலை, உறவுக்காரப் பெண்கள் சூழ்ந்திருக்க, மாமியார் கேட்டேவிட்டாள்.

"என்னடி, திராட்சை மேல வந்துருச்சா?"

இல்லை என்று சொன்னால் கல்யாணத்துக்கு இஞ்சி பீர் கிடையாது. முதல் வேலையிலேயே மானம் போய்விடும். "வ... வந்துருச்சும்மா" என்றாள் தினேயோ. குரல் காட்டிக்கொடுத்தது, மாமியார் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நாற்காலியிலிருந்து கிழவர்தான் கைகொடுத்தார். "வந்துருச்சு, வந்துருச்சு. நானே என் கண்ணால பாத்தேன்!"

தனக்காகப் பொய் சொன்ன அந்த மனிதரைக் கும்பிடலாம் போல இருந்தது தினேயோவுக்கு. வடிகட்டிப் பாட்டிலில் அடைத்ததும், முதல் மடக்கை அவருக்குத்தான் கொடுத்தாள். சர்க்கரை வியாதிக்காரர் என்று சர்க்கரை டப்பாவையே பூட்டி வைத்திருக்கும் மாமியார், அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துத்தான் கொடுத்தாள்.

அந்த மனிதர்தான் இப்போது இப்படிப் புரள்கிறார்.

மாமியார் வெந்நீரோடு உள்ளே வந்தாள். "அப்படி என்னத்தைத் தின்னு தொலைச்ச கிழவா? மகள் கல்யாணத்தன்னிக்குத்தான் உனக்கு வயித்துவலி வரணுமா?"

"ஒண்ணுமில்ல... சும்மா வாயு..." கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போது கூடத்திலிருந்து பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள் தினேயோ. பாட்டில்களுக்கு நடுவே புகுந்து கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளைகளை வெளியே விரட்டினாள். கையில் அகப்பட்ட கம்பளிகளையெல்லாம் பாட்டில்கள் மேல் போட்டு மூடினாள். திரும்பி வந்து மாமியார் முன்னால் மண்டியிட்டாள்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா. நான் சொன்னது பொய். திராட்சை மேல வரவே இல்ல. பக்குவம் ஆகாததைத்தான் அடைச்சு வச்சிருக்கேன். அப்பாவுக்கும் அதைத்தான் குடிக்கக் கொடுத்தேன்."

மாமியார் வெந்நீரை ணங்கென்று கீழே வைத்தாள்.

"அடிப்பாவி! பிள்ளைங்க விளையாடுற எடத்துல வெடிகுண்டையா அடுக்கி வச்சிருக்க? ஒரு பாட்டில் மிச்சம் இருக்கக்கூடாது, அத்தனையும் குழியில கொண்டுபோய்க் கொட்டு! வர்றவங்க பச்சைத் தண்ணி குடிக்கட்டும். இந்த வீட்டு மருமக லட்சணம் எல்லாருக்கும் தெரியட்டும்!"

தினேயோ விசும்பிக்கொண்டே எழுந்தாள். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தனக்குத் தகும் என்றுதான் அவளுக்குப் பட்டது. அதற்குள் மாமியார் கட்டில் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அவதான் சின்னப் பொண்ணு. நீயும் சேர்ந்துல்ல பொய்ச்சாட்சி சொன்ன! கண்ணால பாத்தேன்னியே?"

"நில்லு தாயி, கொட்டாதே." கிழவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மருமகளின் அழுத முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "நான் பொய் சொல்லல. அடைச்சது பக்குவமாத்தான் இருக்கு."

"அப்புறம் எப்படி ஒரு திராட்சைகூட மேல வரலைங்கிறா?"

கிழவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"வராம என்ன... வர வர நான்தான் தின்னுட்டேன்."